தோட்டத்துச் சட்டையும் ரப்பர் பூட்ஸும்

பிளே ஸ்கூலில் பாட்டு சொல்லிக்கொடுப்பவர் மிஸ். பட்டன் போட்டுவிடுகிறவள் ஆன்ட்டி. நான் ஆன்ட்டி. காக்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவில் நடந்த பள்ளி அது. பின்பக்கம் பெரிய தோட்டம், ஒரு சப்போட்டா மரம், ஒரு மண்மேடு. தினமும் பத்து மணிக்கு எல்லாப் பிள்ளைகளும் மண்ணில் இறங்கி விளையாட வேண்டும், செடி நட வேண்டும் என்பது எங்கள் மேடத்தின் கொள்கை. கொள்கை அவருடையது, பதினெட்டு ஜோடி ரப்பர் பூட்ஸ் என்னுடையது. ஒரே ஒரு பிள்ளையை உடுத்தி வெளியே கிளப்புவதற்குள் நொந்துபோனவர் நீங்கள் என்றால், அதைப் பதினெட்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு ஊர் கோலார் தங்கவயல். சுரங்கம் மூடியபின் என் வீட்டுக்காரர் அந்தோணிக்கு வேலை இல்லை. பெங்களூரில் எனக்குத்தான் முதலில் வேலை கிடைத்தது. ஜீவனஹள்ளியில் இரண்டு பெண்களோடு ஓர் அறையில் தங்கினேன். மூன்று வயது மகள் பிரின்சி அப்பாவோடு ஊரிலேயே இருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ரயிலேறுவேன். திங்கட்கிழமை அவள் எழுந்திருப்பதற்குள் திரும்பக் கிளம்பிவிடுவேன். ஆக, வாரத்தில் அவளுக்கு நான் சட்டை மாட்டிவிட்டது ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது மட்டும்தான்.

கார்டன் என்றால் என்ன

முதல் வாரம் வீடுகளுக்கெல்லாம் சீட்டு அனுப்பினோம்: "நாளை முதல் கார்டன் நேரம் உண்டு. ஏற்ற உடையில் அனுப்பவும்." மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் சாயம் போன டீ ஷர்ட்டில் வந்தார்கள். ஸ்வேதா மட்டும் பட்டுப்பாவாடை, ஜிமிக்கி, தலை நிறைய மல்லிகையோடு வந்து இறங்கினாள். அவள் அம்மா சேலத்திலிருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

பாவாடையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பள்ளியில் இருந்த உபரி பேன்ட் ஒன்றை இடுப்பில் நாடா கட்டி மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பாவாடையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் நேராகப் போய், குழாயடிச் சேற்றில் உட்கார்ந்தவள்தான். பன்னிரண்டு மணிக்கு நான் தூக்கித்தான் எடுத்தேன். காது வரைக்கும் சேறு. மல்லிகைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கூட்டிப்போக வந்த அம்மா மகளை மேலும் கீழும் பார்த்தார்.

"கார்டன்னு எழுதினீங்க, சரி. மண்ணுன்னு ஒரு வார்த்தை எழுதக் கூடாதாக்கா?"

அப்பா சட்டை

செடி நடும்போது மேலே போட்டுக்கொள்ள ஏப்ரனுக்குப் பதிலாக அப்பாவின் பழைய சட்டை ஒன்று அனுப்பச் சொல்லியிருந்தோம். கையைப் பாதியில் வெட்டி, முன்பக்கம் பின்னால் வரும்படி மாட்டி, முதுகில் பட்டன் போட்டுவிடுவேன். முழங்கால் வரைக்கும் தொங்கும். அந்தச் சட்டையைப் போட்டதும் பிள்ளைகளுக்கே ஒரு மிடுக்கு வந்துவிடும். ஒருத்தன் டாக்டராகிவிடுவான், ஒருத்தி ஆபீஸ் போவாள், வாளிதான் அவளுடைய பை.

வெள்ளிக்கிழமைதோறும் எல்லாச் சட்டைகளையும் துவைத்துக் காயப்போடுவது என் வேலை. கார்த்திக் மட்டும் தன் சட்டையைத் தரவே மாட்டான்; அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வான். அவன் அப்பா புராஜெக்டுக்காக அமெரிக்கா போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. காலரில் மண் கறுத்துவிட்டது. ஒரு நாள் அவன் அம்மாவிடமே சொன்னேன்: "பையன் துவைக்க விடமாட்டேங்கறான்மா. நீங்களாவது வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் அலசிக் கொடுங்க." அவர் சட்டையை வாங்கினார். காலரை முகத்தருகே கொண்டுபோனார். அப்புறம் அப்படியே மடித்து என்னிடமே நீட்டினார்.

"அவனைத் திட்டாதீங்கக்கா. துவைக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினது நான்தான்."

மூன்று ஸ்வெட்டர்

பெங்களூர்க்கார அம்மா ஒருவர் தன் மகனுக்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஸ்வெட்டர் போட்டு, மேலே மங்கி கேப்பும் மாட்டி அனுப்புவார். வெயில் காலத்திலும்தான். தோட்டத்துக்குப் போகுமுன் வெங்காயம் உரிப்பதுபோல உரிப்பேன். வீட்டுக்குப் போகுமுன் அதே வரிசையில் ஏற்றுவேன். ஒரு நாள் நடுவில் ஒன்று விட்டுப்போயிற்று. அரை மணி நேரத்தில் அந்த அம்மா ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்துவிட்டார்.

"ஆன்ட்டி, பச்சை எங்கே? பச்சைதானே அவனுக்கு மெயின்!"

மெஜஸ்டிக், மெஜஸ்டிக்

தூறலில் விளையாட்டை நிறுத்தக் கூடாது என்பதும் மேடத்தின் கொள்கைதான். மஞ்சள், சிவப்பு ரெயின்கோட்டுகளை மாட்டி, தொப்பி நாடாவைத் தாடைக்குக் கீழே கட்டி அனுப்புவேன். சப்போட்டா மரத்தடியில் இரண்டு பலகைகள் போட்டிருந்தோம்; மழை நாளில் அதுதான் பெரிய பஸ் ஸ்டாண்டான மெஜஸ்டிக்குக்குப் போகிற பஸ். கண்டக்டர் நவீன். அவன் வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், பஸ்ஸில் மட்டும் இரண்டும்.

அந்த வாரம் ஆண்டு விழா ஒத்திகை என்று ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்லியிருந்தார்கள்; ஊருக்குப் போக முடியாது. பிரின்சிக்குக் காய்ச்சல். முந்தின நாள் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினேன், அவள் மூச்சுவிடும் சத்தம்தான் கேட்டது. அதை நினைத்துக்கொண்டே பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். நவீன் ஓர் இலையைக் கிழித்து டிக்கெட்டாக என் கையில் வைத்து, "எல்லிகே ஆன்ட்டி?" என்றான். எங்கே போகணும் என்று கேட்கிறான். என்னை அறியாமல், "கே.ஜி.எஃப்." என்று எங்கள் தங்கவயலின் பெயரைச் சொன்னேன். இலையைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

"இந்த பஸ் அங்க போகாது ஆன்ட்டி. எறங்குங்க."

ஷிப்ட்

ஒரு வியாழக்கிழமை, முன்னால் சொல்லாமல் அந்தோணி வந்து நின்றார். கையில் பிரின்சி. கம்பெனி ஒன்றில் செக்யூரிட்டி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பிள்ளையை விட்டுவர இடமில்லாமல் அவளையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். வயது அதிகம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். மேடம் பார்த்துவிட்டு, "அவளுக்கும் டிரஸ் மாத்தி விடு ரீட்டா, போய் வெளையாடட்டும்" என்றார்.

பதினெட்டுப் பேரை இருபது நிமிஷத்தில் கிளப்புகிற கை, அவள் முதுகில் ஓர் உபரிச் சட்டையின் மூன்று பட்டனுக்குத் தடுமாறியது. போட்டதைக் கழற்றி மறுபடி போட்டேன். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்து இன்னொரு முறையும் போட்டேன். பூட்ஸ் பெரிசு, நுனியில் துணி திணித்துவிட்டேன். விட்டதும் ஓடிவிட்டாள்.

முதலில் தனியாக நின்றாள். பிறகு பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மண்மேட்டைத் தோண்ட ஆரம்பித்தாள். "கீழ தங்கம் இருக்குது" என்று அவள் சொன்னதுதான் தாமதம், ஏழெட்டுப் பேர் கிண்ணம் தேடி ஓடினார்கள். எல்லாரையும் வரிசையாக நிறுத்தினாள். அப்பா சொன்ன கதைகளிலிருந்து அவள் சுரங்கத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று, அப்பா நின்றிருந்த கேட் பக்கம் திரும்பி, "அப்பா, ஷிப்டுக்கு ஆள் பத்தல, வா!" என்று கத்தினாள்.

அவர் இஸ்திரி போட்ட பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு போனார். குந்தி உட்கார்ந்து, குழந்தைகளின் சிவப்பு மண்வெட்டியால் நிதானமாகத் தோண்டினார். ஓரத்தில் இருந்த மேடத்தின் ரோஜாச்செடி சாய்ந்தது. மேடம் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். நான் துண்டை எடுத்துக்கொண்டு அருகில் போனேன். அந்தோணி தலை நிமிராமலே சொன்னார்.

"ரீட்டா, ரெண்டு வருஷத்துல இன்னிக்குத்தான் என்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க."

அடுத்த வருஷம் சந்தாபுராவில் ஒரு குடோனில் அவருக்கு வேலை கிடைத்தது. ஜீவனஹள்ளியிலேயே வீடு பார்த்து மூன்று பேரும் ஒன்றாக இருந்தோம். அதற்குள் பிரின்சிக்கு ஐந்து வயது; பிளே ஸ்கூல் வயது தாண்டி, நேராகப் பெரிய பள்ளிக்கு வேன் ஏறிவிட்டாள். வேன் திரும்புகிற வரைக்கும் தெருவில் நின்று பார்ப்பேன். பிறகு காக்ஸ் டவுனுக்கு நடந்துபோய் அடுத்த வரிசைக்கு பூட்ஸ் மாட்டுவேன். அந்த வேலையில் பதினொரு வருஷம் இருந்தேன்.

பிள்ளைகளை உடுத்தி வெளியே அனுப்புவதையே பிழைப்பாக வைத்துக்கொண்டவள், அவர்கள் வெளியே போய்விட்டார்கள் என்று யாரிடம் போய்க் குறை சொல்வது?