கடலுக்குப் போன கூறைப்பட்டு

உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடின. வண்டியின் பின்புறம் பெரிய இரும்பு உருளை ஒன்று நிற்கும். அதற்குள் அடுப்புக்கரி எரியும். அப்படி ஒரு பஸ்ஸில் விடியுமுன் மேலூரில் ஏறி, தேவகோட்டையில் இன்னொன்றுக்கு மாறி, தொண்டிக்குக் கடல் பார்க்கப் போனோம். போனவர்கள் மூன்று பேர்: அம்மாவின் அண்ணனான மாமா, அம்மாவின் தங்கையான சித்தி, எட்டு வயதில் நான். கொண்டுபோனவை: புளிச்சோற்றுத் தூக்கு, தண்ணீர்ச் செம்பு, ஒரு துணி மூட்டை. மூட்டைக்குள் அம்மாவின் கூறைப்பட்டு இருந்தது. கைக்குழந்தையோடு அம்மா வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

கடல் பார்க்க என்பது தெருவுக்குச் சொன்ன காரணம். உண்மையில் சித்தியைப் பெண் காட்டப் போனோம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டு வாசலுக்கு வர வேண்டும். பெண்ணை அழைத்துப்போய்க் காட்டினால் ஊர் சிரிக்கும். தொண்டி மாப்பிள்ளை மளிகைக் கடைக்காரர், மூத்த தாரம் இறந்தவர், இரண்டு பிள்ளைகள் உண்டு. கடையை விட்டு வர முடியாது என்று சொல்லியனுப்பியிருந்தார். சித்தியோ எட்டாவது தேறி, மதுரையில் ஆசிரியைப் பயிற்சிக்கு மனுப் போட்டுவிட்டு, தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலில் நின்றாள். இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்தவற்றைக் கூட்டிப் பார்க்கத்தான் தெரியாது.

வழியில் ஒரு மேட்டில் பஸ் மூச்சு வாங்கி நின்றது. "எறங்கித் தள்ளுங்கண்ணே! சீட்டு வாங்குனவுகளும் தள்ளணும், வாங்காதவுகளும் தள்ளணும்" என்றார் கண்டக்டர். "இதுக்கு என் மாட்டு வண்டியே தேவலய்யா, இப்பிடி இருமாது" என்று மாமா இறங்கித் தள்ளினார். ஏறி வந்தபோது அவருடைய வெள்ளை வேட்டி சாம்பல் நிறமாகியிருந்தது. சித்தி பட்டை உடுத்தாமல் மூட்டையில் கொண்டுவந்ததன் காரணம் அப்போது எனக்கு விளங்கியது.

தொண்டிக் கடல் என்னை ஏமாற்றிவிட்டது. அலை ஆளுயரம் வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். இங்கே அலையே இல்லை. தண்ணீர் மணலை நக்கிக்கொண்டு சும்மா கிடந்தது. மாமாவுக்கு அதில் பரம திருப்தி. ஊர்க் கண்மாயில் மடை திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. மழை பெய்தால் தண்ணீர் எந்தக் கல் வரை ஏறும் என்று கரையில் நின்றே சொல்லிவிடுவார்.

"இம்புட்டுத்தானா கடலு? நம்ம கண்மாய விடச் சாதுவால்ல கெடக்கு" என்றார். ஈரம் முடிந்த இடத்தைக் காலால் தொட்டுப் பார்த்தார். அங்கிருந்து நாலு முழம் தள்ளி, கரையேற்றிய ஒரு படகின் நிழலில் மூட்டையை வைத்தார். எங்களைப் படகுக்குப் பக்கத்து மேட்டில் உட்கார வைத்தார்.

"ராகு காலம் முடிஞ்சதும் பட்ட உடுத்திக்கிட்டுப் போவலாம். நான் போயி அவுக வீட்டுல சொல்லிட்டு வாரேன். ரெண்டு பேரும் எடத்த விட்டு அசையப்படாது."

"சரிண்ணே" என்றாள் சித்தி.

எனக்குச் சும்மா இருக்க வராது. தண்ணீருக்கும் மூட்டைக்கும் நடுவே ஐந்து கிளிஞ்சல்களை வரிசையாக நட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் முதல் கிளிஞ்சல் நனைந்தது.

"சித்தி, ஒண்ணு போயிருச்சு."

"ம்."

"ரெண்டாவதும் போயிருச்சு. மழையே பெய்யலயே, எப்பிடி ஏறுது?"

"எண்ணிக்கிட்டே இரு தாயி."

நான்காவது போனதும் எழுந்தேன். சித்தி என் கையைப் பிடித்தாள். "மாமா அசையப்படாதுன்னாருல்ல?"

ஐந்தாவதும் போனது. தண்ணீர் சத்தமில்லாமல் மூட்டையைச் சுற்றி வந்து, தூக்கி, ஒரு பக்கமாகச் சாய்த்தது. முடிச்சு நெகிழ்ந்து, அரக்கு நிறப் பட்டு கடலின் மேல் மெதுவாக விரிந்தது. அதன் பிறகே சித்தி என் கையை விட்டாள். இருவரும் ஓடி, முழங்கால் தண்ணீரில் நின்று அதை இழுத்தோம்.

மாமா திரும்பி வந்தவர் நனைந்த சேலையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "பொண்ணு காட்டுற அன்னைக்குக் கூறைப்பட்டையே தண்ணி கொண்டு போச்சே! இனி அந்த வாசப்படிய எப்பிடி மிதிக்கிறது?" மறுபடி போய் அந்த வீட்டில் விஷயத்தைச் சொன்னார். அவர்களும் சகுனம் பார்ப்பவர்கள்தான். நல்லபடியாகப் பேசி, வழிக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் சித்தி ஈரச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். சேலைக்காக அழுகிறாள் என்று நினைத்து, என் தீபாவளிப் பாவாடையை அம்மாவுக்குக் கொடுத்து ஈடுகட்டிவிடலாம் என்று யோசனை சொன்னேன். சிரித்தாள். ஆனால் கண்ணீர் நிற்கவில்லை.

மறுநாள் காலை அம்மா கிணற்றடியில் பட்டை நல்ல தண்ணீரில் அலசினாள். சாயம் திட்டுத் திட்டாக இறங்கியிருந்தது. உப்புக் கொட்டினாலே வீட்டை இரண்டாக்குகிற அம்மா ஒன்றும் பேசாமல் அலசிக்கொண்டிருந்ததால், எனக்குத்தான் பயமாக இருந்தது.

"தண்ணி ஏறுறத நீ பாக்கலயா?" என்றாள் கடைசியில்.

"பாத்தேம்மா. எண்ணிக்கிட்டுக்கூட இருந்தேன்."

"அப்பறம் ஏன் ஓடிப் போயி எடுக்கல?"

"சித்தி என் கையப் புடிச்சிருந்துச்சு. மூட்ட மெதக்குற வரைக்கும் விடல."

அம்மாவின் கைகள் தண்ணீருக்குள் நின்றுவிட்டன. வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். சித்தி அங்கே கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சேலையின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, பிழியச் சொன்னாள்.

"இந்தா பாரு, இத மாமாகிட்ட மட்டும் சொல்லிறாத."

சரி என்று தலையாட்டினேன். கண்மாயை அளந்த மாமாவுக்குக் கடலை அளக்கத் தெரியவில்லையே; அதைச் சொல்லிக் காட்டினால் பாவம், மனசு சங்கடப்படுவார் என்றுதான் அம்மா சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.