வெள்ளிக்கிழமை மட்டும் திறந்த கை

“நான் தூங்கிட்டா என்னைய யாரு பாத்துக்குவா?”

கீரனூரிலிருந்து திருச்சிக்குப் போகும் பஸ்ஸில் சித்தி இப்படிக் கேட்டாள். அது தூக்கம் இல்லை என்று நான் விளக்கினேன். ஹிப்னாடிசத்தில் மனம் ஒரே இடத்தில் குவிந்து நிற்கும், காது கேட்டுக்கொண்டேதான் இருக்கும், விருப்பம் இல்லாத ஆளை அதற்குள் கொண்டுபோக முடியாது என்று படித்ததையெல்லாம் அவளுக்குப் புரியும்படி சொன்னேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். உளவியலில் முதுகலை முடித்தவள். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அதை மறைக்கிற பழக்கமும் இல்லை.

சித்தி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதுக்கில்லடி, யாரு பாத்துக்குவான்னுதான் கேட்டேன்” என்றாள்.

முன் சீட்டிலிருந்த பெரியப்பா திரும்பாமலே, “அதுக்குத்தான் நான் வாரேன்ல” என்றார்.

சித்தப்பா வளைகுடாவில் கட்டட வேலை பார்த்தவர். சாரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். பெட்டி வீட்டுக்கு வந்த அன்று, அதைத் திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். சித்தி பெட்டியின் விளிம்பை வலது கையால் பிடித்துக்கொண்டாள். பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து அவளைப் பிரித்தெடுத்தார்கள். அப்போது மூடிய கை அதற்கப்புறம் திறக்கவில்லை.

அவள் தையல்காரி. ஊரில் பாதிப் பேர் உடுத்தும் ஜாக்கெட் அவள் கையில் வெட்டியது. மெஷின் மேல் பழைய சேலையைப் போர்த்திவிட்டோம். தினமும் நான் பஞ்சை எண்ணெயில் நனைத்து அவள் விரலிடுக்கில் விட்டுத் துடைப்பேன். உள்ளங்கை நீரில் ஊறிய காகிதம்போல வெளுத்திருக்கும்; வளர்ந்த நகம் சதையில் பதிந்திருக்கும். நரம்பில் கோளாறு இல்லை என்று ஒரு டாக்டர் சொல்லி, திருச்சியிலுள்ள மனநல டாக்டரிடம் அனுப்பினார்.

அந்த டாக்டரம்மா அவசரமில்லாதவர். சித்தியிடம் சம்மதம் கேட்டார். துணைக்கு வீட்டு ஆட்கள் இருக்கலாம், ஆனால் பேசக்கூடாது என்றார். பிறகு தாழ்ந்த குரலில், இமை கனக்கிறது, தோள் தளர்கிறது, இன்னும் ஆழமாக, இன்னும் ஆழமாக என்று சொல்லிக்கொண்டே போனார். சித்தியின் முகத்திலிருந்து அவள் முகம் மெல்ல இறங்கிப் போனது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அந்த விரல்கள், உள்ளேயிருந்து யாரோ தள்ளுவதுபோல, ஒவ்வொன்றாகத் திறந்தன.

புத்தகத்தில் படித்தது கண்முன்னே நடந்ததில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது பெரியப்பா எழுந்தார். எங்கள் பக்கம் ஒருவர் கண்ணை மூடி உடம்பு தளர்ந்து நின்றால், பக்கத்தில் இருப்பவர் சும்மா இருக்கமாட்டார். சாமியா பேயா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்காமல் விடுவது வந்திருப்பவருக்கு மரியாதைக் குறைவு. அந்தப் பழக்கத்தில்தான் அவர் கைகூப்பிக்கொண்டு கேட்டார்.

“யாரு வந்திருக்கது?”

டாக்டர் கையை உயர்த்தித் தடுப்பதற்குள் சித்தியின் வாய் திறந்தது.

“நான்தாண்ணே.”

குரல் அவளுடையதுதான். ஆனால் அந்த ‘ண்ணே’யை இழுத்த இழுப்பு சித்தப்பாவினுடையது. பெரியப்பா உடைந்துபோய், “வலிச்சுச்சாப்பா?” என்றார். “வலிக்கலண்ணே” என்று பதில் வந்தது. டாக்டர் அவரை வெளியே அனுப்பிவிட்டுச் சித்தியை மீட்டெடுத்தார். கண் திறந்ததும் கை பழையபடி மூடிக்கொண்டது.

அதோடு டாக்டரிடம் போவது நின்றது. வீட்டிலேயே தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்ததும் பெரியப்பா சித்தியை நாற்காலியில் உட்காரவைப்பார். ஒரு வயலில் நின்று அடுத்த வயலுக்குக் கேட்கப் பேசுகிறவர் அவர். அந்த மனிதரின் தொண்டையிலிருந்து டாக்டரம்மாவின் குரல் வரும். இன்னும் ஆழமா, இன்னும் ஆழமா. ஏற்ற இறக்கம்கூடப் பிசகாது. சித்தியின் தலை சாயும். கை திறக்கும். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வார்கள். முடிந்ததும் அவள் நெற்றியில் திருநீறு பூசி, “போய்ட்டு வாப்பா” என்பார். கை மூடிக்கொள்ளும்.

இது ஆபத்து என்று நான் சொன்னேன். கை திறக்கிறதா இல்லையா என்று கேட்டார். திறக்கிறதுதான். அதற்குமேல் என் படிப்பில் அவருக்குக் காட்ட எதுவும் இருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, யாரும் எதுவும் கேட்காதபோதே, மூடிய கண்களோடு அந்த முகம் என் பக்கம் திரும்பியது. சித்தப்பா மட்டும் என்னைக் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொன்னது. அந்தப் பெயர் சித்திக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓரடி பின்னால் நகர்ந்தேன். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த உரையாடலில் நானும் ஒரு ஆளாகியிருப்பேன்.

பிறகு கேள்விகள் மாறின. கீரனூரில் ஒரு தையல் கடையில், கை சரியானதும் சித்தியைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். பெரியப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை. “அவ வெளிய தைக்கப் போக வேணாமுல்லப்பா?” என்று கேட்டார். “வேணாம்ணே” என்றது குரல். அதுவரை தூணோரம் நின்றிருந்த பெரியம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“தம்பி, நாந்தான் மதினி பேசுறேன். அவ போனா ஒங்களுக்குச் சம்மதந்தானே?”

“சம்மதந்தான் மதினி.”

பெரியப்பா பெரியம்மாவை முறைத்தார். “எனக்கும் ரெண்டு ஜாக்கெட் பாக்கி கெடக்குல்ல” என்றாள் அவள். எனக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. ஒரே வாய், ஒரே மூச்சில் இரண்டு பதில்கள். யார் கேட்கிறார்களோ அவர்கள் மனதில் இருப்பது அந்த வாயில் வருகிறது. அப்படியானால் அந்த நாற்காலியில் சித்தியும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. இருந்தது ஒரு காலியிடம்.

மறுநாள் பஞ்சால் விரலிடுக்கைத் துடைத்துக்கொண்டே சித்தியிடம் கேட்டேன். சித்தப்பா நிஜமாகவே வருகிறாரா?

“எல்லாம் கேக்குதுடி” என்றாள். “கெணத்துக்குள்ள கெடந்துக்கிட்டு மேல பேசுறதக் கேக்குற மாதிரி. அவுக கேக்கயிலேயே என்ன சொல்லணும்னு தெரிஞ்சுபோகுது. வாய் அதுபாட்டுக்குச் சொல்லிருது. சொன்னா அவுக அழுகைய நிப்பாட்டுறாக.”

“அப்ப நீங்க எங்க இருக்கீங்க சித்தி?”

அவள் மூடிய கையைப் பார்த்தாள். “அத யாரும் இதுவரைக்கும் கேக்கலயே” என்றாள்.

நான் தனியாகத் திருச்சிக்குப் போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் நாள் பெரியப்பாவை அறைக்குள் உட்காரவிட்டது தன் தவறு என்றார். பயிற்சி உள்ளவர் செய்தால் ஹிப்னாடிசத்தில் பெரும்பாலும் தீங்கில்லை என்றும் சொன்னார். வலி, பயம், இப்படி மூடிக்கொண்ட உறுப்பு இவற்றுக்கு உதவும், எல்லோருக்கும் அல்ல. ஆனால் உண்மையைத் தோண்டியெடுக்கும் கருவி அல்ல அது. அந்த நிலையில் மனிதர் கேட்பவரை நம்பித் தன்னைத் திறந்து வைக்கிறார்; நல்லதா கெட்டதா என்பது அங்கே உட்கார்ந்து கேட்பவரைப் பொறுத்தது. “அவங்க கை அவங்களுக்காகத் திறக்கணும். அதுக்கு அவங்களே திரும்ப வரணும்” என்றார்.

மறுபடி டாக்டரிடம் வர, சித்தி ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். “மொதல்ல நீ படு. நான் பாக்குறேன்.”

கிளம்பும்போது பெரியப்பா சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். தான் வராமல் எப்படி என்றார்.

“நீங்க வந்தா சித்தப்பா வருவாரு பெரியப்பா. சித்தி வரணும்ல.”

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். “இனிமே அவன்ட்ட பேச முடியாதா?” என்று மட்டும் கேட்டார்.

அன்று டாக்டர் அறை நாற்காலியில் முதலில் சாய்ந்தது நான்தான். இவ்வளவு படித்த நான் எளிதில் போய்விடமாட்டேன் என்று நினைத்திருந்தேன். டாக்டர், இடது கை லேசாகிறது என்றார். என் கை எழும்பியது. நான் எழுப்பவில்லை. எனக்குச் சொந்தமில்லாத ஒரு பொருள்போல அது என் முகத்தருகே மிதந்து நின்றது. தூரத்தில் யாரோ மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அது சித்தியுடையது என்று புரிய நேரமாயிற்று. அந்த நேரம் யார் என்ன கேட்டிருந்தாலும் அவர்கள் விரும்பியதை நான் சொல்லியிருப்பேன்.

கண் திறந்தபோது சித்தி தன் ஸ்டூலை எனக்கு வெகு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மூடிய கை என் முழங்கால்மேல் இருந்தது.

“நான் ஒண்ணும் கேக்கல” என்றாள். “அந்தம்மாவையும் கேக்க விடல.”

பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, நான் எழுந்த இடத்தில் சாய்ந்துகொண்டாள். நான் அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன். டாக்டர் பேசத் தொடங்கினார். அந்தக் குரலுக்கு என் இமைகளும் இறங்கப் பார்த்தன. கதவில் முதுகை அழுத்திக்கொண்டு, கண்ணை அகலத் திறந்து வைத்து, சித்தியைப் பார்த்தபடி நின்றுகொண்டேன்.