இடிந்த கூடத்தில் கேட்ட எண்ணிக்கை

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பல வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். கண்ணால் பார்த்ததை மட்டும், நேரம் போட்டு எழுதுவேன். இதையும் அப்படியேதான் எழுதி வைத்தேன். படித்துவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பீங்கான் பொம்மை செய்யும் ஒரு சிறிய கூடத்தில் வருகைப் பதிவேடு என் பொறுப்பு. ஒரு புதன்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு அந்தச் சுழல்காற்று வந்தது. புயல் பார்த்த ஊர்தான் எங்களுடையது, ஆனால் இது வேறு. ஒரு தெரு அகலத்துக்குத் தூண் மாதிரி சுற்றிக்கொண்டு வந்து, ஆறே நிமிடத்தில் போய்விட்டது. பக்கத்துக் காலனியில் ஒரு வரிசை வீடுகளுக்குக் கூரையே இல்லை, எதிர்வரிசையில் கொடியில் போட்ட துணிகூட விழவில்லை. ஜனங்கள் சாமான்களைத் தேடவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

எங்கள் கூடத்தின் பின்பாதி தரைமட்டம். சுடாத பொம்மைகள் மழையில் கரைந்து வெள்ளைச் சேறாக ஓடின. நல்லவேளை, டீ நேரம் என்பதால் எல்லோரும் முன்பக்கம் இருந்தார்கள். பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டேன். பத்தொன்பதில் பதினெட்டுப் பேர். மிச்சம் அஞ்சலை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பன்னிரண்டு மணிக்கே நல்லூர் பஸ்ஸுக்குப் போனதை நானே குறித்திருந்தேன்.

எங்கள் பின்சுவர் காலனிக்குப் போகும் வழியை மறித்து விழுந்திருந்தது. ஆம்புலன்ஸ் உள்ளே போக முடியவில்லை. ஜே.சி.பி. வந்தது. "உள்ள யாரும் இல்ல, அள்ளுங்க" என்றேன்.

அப்போதுதான் இடிபாட்டுக்குள்ளிருந்து கேட்டது.

"லாபம்… ரெண்டு… மூணு… நாலு…"

பலகையில் பொம்மை அடுக்கும்போது முதல் எண்ணை ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்று தொடங்குவார்கள். அந்த இழுவை அஞ்சலையின் இழுவை.

சூளையில் வேலை செய்யும் முருகேசனிடம் கத்தினேன். "நிறுத்தச் சொல்லு! அஞ்சலை உள்ள இருக்குது!"

"என்னா சார், அது வூட்டுக்குப் போயிடுச்சின்னு நீங்கதான சொன்னீங்க?"

"எண்ணுதுய்யா, கேக்கல?"

"ஒண்ணும் கேக்கல சார். காத்து ஒங்க காத அடைச்சிருக்குது. மொதல்ல ஒக்காருங்க."

ஜே.சி.பி. ஓட்டுநர் தலையை நீட்டினார். "ஆம்புலன்ஸு நிக்குது சார். அள்ளவா வேணாவா, ஒரே பேச்சா சொல்லுங்க."

"என் கணக்கு தப்பு" என்று சொல்லி அந்த இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றேன். அப்படிச் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல்முறை.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு நடந்தே காலனிக்குப் போனார்கள். நாங்கள் கையால் தோண்டினோம். குரல் வந்த இடத்தை நான் காட்டக் காட்ட, முருகேசன் முணுமுணுத்துக்கொண்டே ஓடுகளை எடுத்துப் போட்டார். பலகை அடுக்குக்குக் கீழே ஒரு பெண் மடங்கிக் கிடந்தாள், மூச்சு இருந்தது. அஞ்சலை இல்லை.

"ஐயோ, இது கஸ்தூரி சார்! அஞ்சலையோட நாத்தனா. மாத்தாளா வந்துருக்குது."

வீட்டுக்குப் போகிறவர்கள், தங்கள் இடம் காலியாக இருக்கக் கூடாதென்று சொந்தத்தில் ஒருவரைப் பின்வழியாக அனுப்புவது அங்கே வழக்கமாம். எனக்கு மட்டும் தெரியாது. தெரிந்தால் பதிவேட்டில் பெயரையே அடித்துவிடுவேன் என்று அவர்களுக்குப் பயம். மற்றவர்கள் டீக்குப் போயிருந்த நேரத்தில் கஸ்தூரி வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"நீயாம்மா எண்ணுன?" என்று கேட்டேன். அவள் என் உதட்டையே பார்த்தாள்.

"அதுக்குப் பொறவியிலருந்தே பேச்சு வராது சார்" என்றார் முருகேசன்.

அவர் அதைச் சொல்லும்போதும் எண்ணிக்கை நிற்கவில்லை. அவளைத் தூக்கிய அதே பள்ளத்திலிருந்து, "அம்பத்தி மூணு… அம்பத்தி நாலு…"

சிமெண்டுத் தரை தெரியும்வரை தோண்ட வைத்தேன். சேற்றைத் தவிர ஒன்றுமில்லை. கடைசியில் முருகேசன் என் தோளைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார்.

அஞ்சலை அந்த நேரத்தில் நல்லூரில் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்ததாகச் சொல்கிறாள். கஸ்தூரி பிழைத்துவிட்டாள். பேட்டையில் அன்று வேறு யாரையும் காணவில்லை என்று இன்றுவரை ஒருவரும் வந்து கேட்கவில்லை. அதே தரையின்மேல் புதுக் கூடம் எழுப்பி வேலையும் நடக்கிறது.

ஆனால் கடைசி எண்களில் அந்தக் குரல் மூச்சு வாங்கியது, ஒவ்வொன்றுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. அறுபத்தொன்றில் அது நின்றதா, நான் விலகி வந்ததால் கேட்காமல் போனதா என்று எனக்குத் தெரியவில்லை.