ஷோபனாவின் பாலமும் பாராடாங் படகும்

அந்தமான் தீவில் பிறந்து தீவிலேயே வாழ்க்கைப்பட்டவள், படகு எனக்கு ஆகாது என்றால் ஊர் சிரிக்காதா? அதனால் ஷோபனா அதை வெளியில் சொன்னதில்லை. கட்டிப்போட்ட படகு ஆடுவதைப் பார்த்தாலே அவளுக்கு எச்சில் ஊறி வயிறு புரளும். அவள் கம்ப்யூட்டர் படித்ததே இதற்காகத்தான் என்பது கணவன் கௌதமின் கட்சி. போர்ட் பிளேரை ஒட்டிய சிப்பிகாட் வீட்டில் உட்கார்ந்தபடியே தீவு தீவாக இருக்கும் சின்ன அலுவலகங்களின் இயந்திரங்களை அவள் பராமரித்தாள். யாராவது நேரில் வரச் சொன்னால், "அதெல்லாம் பழைய காலம் சார்" என்று மூக்கைச் சுளிப்பாள். அந்தச் சுளிப்புக்கே தனி மரியாதை இருந்தது.

பாராடாங் தீவில் ஒரு படகுக்காரர் சங்கம். குகை பார்க்க வரும் சுற்றுலாக்காரர்களுக்குப் படகுச் சீட்டுப் போடுவது அவர்கள் வேலை. அலுவலகத்தில் ஒரே சர்வர். அதன் வயிற்றுக்குள் மென்பொருளாலேயே ஆன இரண்டு மெய்நிகர் இயந்திரங்கள்: ஒன்று சீட்டுக்கு, மற்றது கேமராப் பதிவுக்கு. சங்கச் செயலாளர் சுரேந்திரன் படகுத்துறை வாசலில் வைக்க, சீட்டைச் சரிபார்க்கும் ஸ்கேனர் ஒன்றைப் புதிதாக வாங்கினார். அதற்கோ சீட்டு இயந்திரம் இருக்கும் இடமே தெரியவில்லை.

"ஏன் தெரியலே?" என்றான் கௌதம், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"நம்ம காம்பவுண்டுல மூணு குடும்பம். லெட்டரெல்லாம் ஹவுஸ் ஓனர் ஈஸ்வரன் பேருக்கு, கேர் ஆஃப் போட்டுத்தானே வருது? புதுசா வர்ற கூரியர்காரனுக்கு நம்மளத் தெரியுமா? அந்த மாதிரி அந்த மெஷின் சர்வருக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு. உள்ள ஒரு பிரிட்ஜ், அதாவது பாலம், போட்டுட்டா, காம்பவுண்டுக்குள்ள ரோடு போட்ட மாதிரி. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி டோர் நம்பர். சர்வரும் அதுல ஒரு வீடு, அவ்வளவுதான்."

"அப்ப காம்பவுண்டு கேட்டுக்கு?"

"கேட்டுக்கு எதுக்குங்க நம்பர்? அது சும்மா வழி."

இதைச் சொன்ன வாய் ஈரம் காய்வதற்குள் அவள் அந்தப் பிழையைச் செய்தாள். சர்வருக்குள் பிரிட்ஜை எழுதினாள். வெளி உலகத்துக்கு வழிவிடும் நெட்வொர்க் கார்டை அதோடு கோத்தாள். அந்தக் கார்டுதான் கேட். அதன் நெற்றியில் இருந்த சர்வரின் முகவரியைக் கழற்றிப் பிரிட்ஜுக்கு மாட்ட வேண்டும். மாட்டவில்லை. அழுத்தம் திருத்தமாகச் சேமித்துவிட்டு என்டரைத் தட்டினாள். திரை உறைந்தது; சர்வரோடு இருந்த தொடர்பு அறுந்தது. உட்கார்ந்த கிளையையே வெட்டிவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

போன் அடித்தது. "மேடம், லைட் எரியுது. ஆனா சீட்டு வரலே, கேமராவும் பந்த்" என்றார் சுரேந்திரன்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"தோ பார் பண்ணிட்டேன், ரெண்டு வாட்டி."

சேமித்த பிழை அணைத்துப் போட்டால் போய்விடுமா? "அப்ப ஒரு மானிட்டர் மாட்டுங்க. நான் சொல்லச் சொல்ல டைப் பண்ணுங்க."

"மானிட்டரா? நீங்கதானே மேடம், அது வேஸ்ட்டு, எல்லாத்தையும் வீட்லேருந்தே பாத்துக்கறேன்னு திருப்பிக் குடுக்கச் சொன்னீங்க?"

ஷோபனா தன் மேசை மேல் இருந்த மானிட்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"காலையில மொதல் கான்வாய்ல டூரிஸ்ட் வர்றப்ப கவுன்டர் திறந்து சாலு ஆகலேன்னா, கமிட்டி பழைய டோக்கனுக்கே போயிடும் மேடம். உங்களையும் வேணாம்னுடும். மேடத்தை யாரும் பாத்ததே இல்லையே, அசல்ல இருக்காங்களான்னு போன மீட்டிங்லயே கேட்டாங்க."

பாராடாங் கைவிட்டால் மற்ற தீவுக்காரர்களுக்குச் செய்தி போக எவ்வளவு நேரம் ஆகும்? பிழைப்பே போய்விடும். விடிவதற்குமுன் வீட்டு மானிட்டரைப் போர்வையில் சுற்றி, இடுப்பில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு பஸ் ஏறினாள்.

போலீஸ் காவலோடு வரிசையாகப் போகும் கான்வாயில் அவள் பஸ் பாதிக் காட்டைத் தாண்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. முன்னும் பின்னும் வண்டிகளில் வருகிறவர்கள்தானே அந்தச் சீட்டுக்காரர்கள்? இவர்களோடு போய் இவர்களுக்குமுன் கவுன்டரை எப்படித் திறப்பது? சாலை முடிந்ததும் எல்லாரும் ஏறப்போகும் படகிலிருந்து முதல் ஆளாக இறங்கினால்தான் உண்டு.

படகுத்துறையில் தண்ணீர் ஆடவேயில்லை. அலையாத்திக் காடுகளுக்கு நடுவே கால்வாய் மாதிரி கிடந்தது. ஷோபனாவுக்குக் குமட்ட அதுவே போதும். ஏறலாமா வேண்டாமா என்று கரையில் தயங்கிக் கடைசி ஆளாக ஏறினாள். முன்னால் தொப்பியும் செல்ஃபிக் குச்சியுமாக ஒரு கூட்டமே நின்றது. இன்ஜின் அதிர்ந்ததும் எலுமிச்சம்பழம் தோற்றுப்போனது. அக்கரை நெருங்கும்போது முகம் பச்சையாகி, மானிட்டரைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். வேலை போய்விட்டது என்றே நினைத்தாள். அழுகை வந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு பெங்காலி அம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போட்டாள் ஒரு சத்தம்: "அரே, இஸ்கோ உல்ட்டி ஆ ரஹா! ஹட்டோ, ஹட்டோ!"

வாந்தி என்றால் எந்த மொழிக்காரனும் வழிவிடுவான். செல்ஃபிக் குச்சிகள் விலகின, தொப்பிகள் ஒதுங்கின, கூட்டம் இரண்டாகப் பிளந்தது. ஷோபனா முதல் ஆளாகக் கரை இறங்கி, மூலையில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு ஓடினாள்.

மானிட்டரை மாட்டினாள். கார்டின் முகவரியை நீக்கிப் பிரிட்ஜுக்குக் கொடுத்தாள். சீட்டு இயந்திரத்துக்கும் கேமராவுக்கும் தனித்தனி எண் போட்டாள். முதல் தொப்பி கவுன்டருக்கு வந்தபோது சீட்டு வந்தது. வாசலில் ஸ்கேனர் 'பீப்' என்றது.

"பாத்தீங்களா, மேடம் அசல்தான்" என்று சுரேந்திரன் கமிட்டிக்காரர்களிடம் பெருமையடித்தார்.

மாற்றம் செய்தபின் யாரும் உறுதி சொல்லாவிட்டால் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பும் வசதி அந்தச் சர்வரில் முன்பே இருந்தது. பயந்தாங்கொள்ளிகளுக்கு வைத்தது என்று அதை இளக்காரம் செய்தவள், இனி அதைத் தொடாமல் எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "அண்ணே, தண்ணி தாண்டாம போர்ட் பிளேருக்குப் போக ஏதாவது வழி இருக்கா?"

சுரேந்திரன் அவளைப் பார்த்தார். இடுப்பில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தையும் பார்த்தார்.

"மேடம், இது தீவு."

அவர் சிரிக்கவில்லை. "மானிட்டர் இங்கயே இருக்கட்டும். அடுத்த வாட்டி போன்ல சொல்லுங்க, நான் தட்டறேன்" என்றார்.

வெறும் போர்வையை மடித்துக்கொண்டு ஷோபனா படகுக்கு நடந்தாள். அந்த பெங்காலி அம்மாள் குகைக்குப் போகும் வரிசையிலிருந்து கையாட்டினாள்.