பானெட்டுக்கு அந்தப் பக்கம்

இது கட்டுக்கதை இல்லை. கட்டி விடுகிற அளவுக்கு எனக்கு நேரமும் இல்லை, மூளையும் இல்லை. நடந்தது என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் அண்ணனுக்கு. "அன்னைக்குத் தண்ணி போட்டிருந்தாரா?" என்று கேட்க வாயெடுப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். டீயைத் தவிர எதையும் தொடாத மனுஷன் அவர்.

டீசல் எஞ்சினின் பம்ப், நாசில் பழுதுபார்க்கிற வேலையில் இருபத்திரண்டு வருஷம். அவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது, பம்ப்காரர் என்றால்தான் தெரியும். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த நாசில் தகராறு செய்கிறது என்று சொல்லிவிடுவார்.

என் மனைவி தண்ணீர் கேன் வியாபாரம் செய்கிறாள். வண்டியையும் அவளே ஓட்டுவாள். மேட்டுத் தெருக்களுக்கும் கேன் கேட்கிறார்கள் என்று பழைய டீசல் பிக்கப் ஒன்று வாங்கக் கிளம்பினாள். அண்ணன் பார்த்துச் சரி என்றால் சரி, அவ்வளவுதான் அவள் கணக்கு. ஆனால் அண்ணன் பிடிகொடுக்கவில்லை. ஒரு வண்டியில் டேங்கில் துரு என்றார். ஒன்றில் ஃபில்டரில் தண்ணீர் என்றார். இப்படியே ஐந்து வண்டியைத் தள்ளிவிட்டார். "எனக்கு மாப்பிள்ளை பாக்கும்போது இதுல பாதி பாத்திருக்கலாம்" என்று அவள் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

காரணம் அவருக்கு மட்டும்தான் தெரியும். மூன்றரை வருஷத்துக்கு முன்னால் இதேபோல ஒருவருக்கு வண்டி பார்த்துக் கொடுத்திருந்தார். விசேஷ வீடுகளுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். நல்ல மனுஷன், எதற்கெடுத்தாலும் "சரிண்ணே" என்பார். அந்த வண்டியில் டேங்கிலிருந்து வரும் பைப் ஃபில்டரில் சேருகிற இடத்தில் செம்பு வாஷர் நசுங்கியிருந்தது. புதுசு கையில் இல்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் வாசலிலேயே நின்றார்கள். பழைய வாஷரையே அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டு எடுத்து, மறுபடியும் மாட்டிவிட்டார்.

இது எல்லா மெக்கானிக்கும் செய்கிற வேலைதான். செம்பு இளகும், கொஞ்ச நாள் ஓடும். ஆனால் அந்த வாஷரை முன்பே யாரோ அப்படிக் காய்ச்சியிருந்தார்கள். இன்னொரு தடவை காய்ச்சினால் அது தாங்காது என்று கையில் எடுத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் மாட்டினார். "கண்ண மூடிக்கிட்டு எடுங்க" என்றும் சொன்னார்.

அந்த இடத்தில் டீசல் ஒழுகாது. எஞ்சின் இழுக்கிற பக்கம் என்பதால் காற்றுதான் உள்ளே போகும். சமதரையில் ஒன்றும் தெரியாது. டேங்கில் டீசல் குறைந்து, வண்டி ஏற்றத்தில் முக்கும்போது எஞ்சின் பட்டென்று செத்துவிடும்.

நான்கு மாதம் கழித்து ஒரு நாள் விடிவதற்கு முன்னால் நாற்காலிக்காரரிடமிருந்து போன் வந்தது. மூன்று தடவை. மச்சான் பெயரைப் பார்த்தார். புகார்தான் சொல்வார், விடிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மத்தியானம் சேதி வந்தது. வண்டி ஏற்றத்தில் பின்னால் உருண்டு பள்ளத்தில் விழுந்துவிட்டதாம். உள்ளே அவர் மட்டும். போய்விட்டார்.

மச்சான் சாவு வீட்டுக்குப் போகவில்லை. எப்படி நடந்தது என்று யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்கப் பயம். தன் கையால் ஒரு ஆளைக் கொன்றுவிட்டோம் என்ற நினைப்போடு மூன்று வருஷம் சோறு தின்றிருக்கிறார். எங்களுக்கு ஒரு வார்த்தை தெரியாது.

இப்போது ஆறாவது வண்டிக்கு வருகிறேன். ஒரு புரோக்கரின் ஷெட்டில் நின்றது. சிமெண்டுத் தரை. அதிகாலையிலேயே வருகிறோம் என்று மச்சான் சொல்லியிருந்தார். முந்தின ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த எஞ்சினை முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போதுதான் டீசல் வண்டி உண்மையைப் பேசும். சூடாக இருந்தால் எல்லா வண்டியும் யோக்கியம்தான்.

காலை 5.40. புரோக்கர் பானெட்டைத் திறந்துவிட்டார். அது முன்கண்ணாடியை முழுக்க மறைத்துக்கொண்டு நின்றது. முன்னால் நிற்பவருக்கு டிரைவர் சீட் தெரியாது.

மச்சான் டீசல் லைனைக் கழற்றி நடுவில் ஒரு கண்ணாடி டியூபை மாட்டினார். காற்றுக் குமிழி வருகிறதா என்று பார்க்க. இப்படிக் கழற்றினால் லைனில் காற்று பிடித்துக்கொள்ளும். அதை எடுக்க ஒருவர் கீழே நாசில் நட்டைத் தளர்த்த வேண்டும், இன்னொருவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகிச் செல்ஃப் அடிக்க வேண்டும். "நீங்க உக்காருங்க" என்று புரோக்கரிடம் சொல்லிவிட்டுக் குனிந்தார்.

கதவு திறக்கும் சத்தம். சாத்தும் சத்தம்.

5.48. நட்டைத் தளர்த்தினார். "செல்ஃப் அடிங்க" என்றார்.

ர்ர்ர்... ர்ர்... ர்...

பேட்டரி இறங்கிப்போன சத்தம். ஆனால் பேட்டரி புதுசு. வந்ததுமே மீட்டர் வைத்துப் பார்த்திருந்தார்.

"போதும்."

சத்தம் நின்றது. நட்டில் ஒரு சொட்டு டீசல் வரவில்லை.

"இன்னொரு தடவை அடிங்க."

ர்ர்... ர்ர்...

இந்தத் தடவை கவனித்தார். செல்ஃப் முக்குகிறது. ஆனால் ஃபேன் சுற்றவில்லை. பெல்ட் ஒரு இம்மிகூட நகரவில்லை. எஞ்சின் அசையாமல் செல்ஃப் மட்டும் முக்கினால் எந்த மெக்கானிக்குக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான். அதைத்தான் அவரும் சொன்னார்.

"கியர்ல நிக்குது போல. நியூட்ரல்ல போட்டுட்டு அடிங்க."

கியர் கம்பி விழும் சத்தம் கேட்டது. கூடவே ஒரு குரல்.

"சரிண்ணே."

ஆண் குரல்... புரோக்கருடையது இல்லை.



அடுத்து ஒரு சத்தம்.

கரக்... கரக்...

சரளைக்கல் மேல் டயர் உருளும் சத்தம். சிமெண்டுத் தரையில்.

வண்டி அசையவே இல்லை. அவர் வயிறு பம்பரில் ஒட்டியிருந்தது. அந்தச் சத்தம் மட்டும் அவரை விட்டுப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

"அண்ணே... பிரேக் நிக்கலையே..."

தூரத்திலிருந்து வந்தது அந்தக் குரல்.

அப்புறம் ஒன்றும் இல்லை.

5.52.

பானெட்டைச் சுற்றி ஓடிப்போய்ப் பார்த்தார்.

சீட்டில் யாரும் இல்லை.

கண்ணாடி ஏற்றியிருந்தது. கதவைப் பிடித்து இழுத்தார்.

பூட்டியிருந்தது.

அப்போதுதான் கேட்டைத் தாண்டி, டீ வாங்கப் போயிருந்த என் மனைவியும் புரோக்கரும் உள்ளே வந்தார்கள். அண்ணனுக்கு என்று அவள் ஒரு கிளாஸில் டீ கொண்டுவந்தாள். புரோக்கர் விரலில் சாவி தொங்கியது. போன் வந்ததால் வண்டியைப் பூட்டிக்கொண்டு வெளியே போனாராம், மச்சான் சொன்னது அவர் காதில் விழவே இல்லையாம். சத்தம் ஏதாவது கேட்டதா என்று கேட்டதற்கு இருவரும் விழித்தார்கள். "நீங்கதான் தனியா ஏதோ கத்திக்கிட்டிருந்தீங்க" என்றார் புரோக்கர்.

மச்சான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். என் மனைவி முதலில் திட்டினாள், பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கிப்போனாள். அங்கேயே, அந்த டீ ஆறுவதற்குள், வாஷர், போன், சாவுக்குப் போகாதது எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அழுதாராம். அண்ணன் அழுது அவள் பார்த்ததே இல்லை.

"நீ எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அந்த அக்காகிட்ட போய்ச் சொல்லு. அடிச்சாலும் வாங்கிக்க" என்றாள்.

அன்று 10.30-க்கே போனார். நாற்காலிக்காரர் மனைவிதான் இப்போது தொழிலை நடத்துகிறார். வாசல் முழுக்க நாற்காலிகள் அடுக்கியிருந்தன. அந்த அம்மா அவரைப் பார்த்ததும் கோபப்படவில்லை. ஒரு நாற்காலியை உருவித் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மச்சான் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் அந்த அம்மாவே பேச ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கு அந்த அம்மாவும் கணவரோடு அந்த வண்டியில்தான் போனாராம். சரளை போட்ட ஏற்றத்தில் எஞ்சின் நின்றதும், ஹேண்ட் பிரேக் சரியில்லை என்று கணவர் வண்டியைக் கியரில் போட்டு நிறுத்தினாராம். மனைவியைக் கீழே இறக்கிப் பின் டயருக்குக் கல் வைக்கச் சொல்லிவிட்டு, பானெட்டைத் தூக்கினாராம். மச்சானுக்குப் போன் அடித்துப் பார்த்தாராம், எடுக்கவில்லை. சரியென்று மறுபடியும் சீட்டில் ஏறி உட்கார்ந்தாராம்.

"அப்பதாண்ணே அந்த இருட்டுல உங்க குரல் கேட்டுச்சு. பானெட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு செல்ஃப் அடிங்கன்னீங்க, போதும்னீங்க. இவருக்கு ஒரே சந்தோஷம். பம்ப்காரர் வந்துட்டாரு, இனி கவலையில்லன்னு எங்கிட்ட சொன்னாரு. அப்புறம் நீங்க நியூட்ரல்ல போடச் சொன்னீங்க. இவரும் சரிண்ணேன்னு போட்டாரு."

அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தக் கல்லு நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாது. உங்கள நான் தப்பு சொல்லல. மூணு வருஷமா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்னு இருந்தேன். நான் பள்ளத்துல இறங்கிக் கத்தினேனே... மேல ஏறி வந்து பாத்தா உங்களக் காணோம். ஏண்ணே போயிட்டீங்க?"