காணாமற்போனவனின் பெருவிரல்

மைசூரில் என் உடம்பைப் பற்றி என் மனைவியைவிட விடாமல் விசாரித்தவள் ஆமினா. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நான் தெருவுக்குள் திரும்பும்போது, தன் வீட்டு வாசற்படியில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்பாள்.

"ஏனுங்கண்ணே, உடம்பு சொகமா இருக்குதுங்களா?"

"இருக்குதும்மா."

"அந்த இருமலு?"

"அது போயிருச்சு."

"அப்பிடிங்களா" என்பாள். அந்தச் சொல்லில் இருந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று நான் வருடக்கணக்கில் யோசித்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் என் மனைவி மைமூன் சோற்றைப் போட்டபடி, "நீங்க மௌத்தானாத்தானே அவளுக்கு நிக்காஹ்? பாவம், எத்தனை வெள்ளிக்கிழமைதான் கேப்பா. ஒரு முடிவச் சொல்லுங்க" என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன். நான் செத்தால்தான் ஆமினாவுக்குக் கல்யாணம் என்று மைமூன் சொன்னது வேடிக்கைப் பேச்சுதான். ஆனால் எங்கள் காஜி சாயபு சொன்ன சட்டமும் ஏறக்குறைய அதுதான்.

உடுமலைப்பேட்டையிலும் பழனியிலும் இருந்து இந்த மாசிகையை வாசிப்பவர்களுக்கும், பினாங்கிலும் ரங்கூனிலும் பழைய இதழ்களைக் கைமாற்றி வாசிக்கிறவர்களுக்கும் நான் முதலில் காசிமைச் சொல்ல வேண்டும். ஆமினாவின் புருஷன். எனக்கும் அவனுக்கும் ஒரே தெரு, ஒரே வயது. ஓதுகிற பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் ஒரு எழுத்தும் அவன் கண்ணில் ஒட்டவில்லை. அவன் அத்தா பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். அந்த வீட்டு நவச்சாரப் புகையின் காரம் அவன் சட்டையில் எப்போதும் இருக்கும். "எம்பேர நீ எழுதுடா, உங்கூட்டுச் சட்டிய நான் மினுக்கித் தாறேன்" என்பான். எழுதவேண்டிய இடத்திலெல்லாம் நான் எழுதினேன். அவன் பெருவிரலை மையில் தொட்டு வைத்தான். நான் மைசூருக்கு வந்து, கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவனாக உட்கார்ந்து, கன்னட எழுத்து கைக்கு வந்த மூன்றாம் வருடம், அவனும் துருத்தியைத் தூக்கிக்கொண்டு பெண்சாதியோடு வந்து சேர்ந்தான். சந்தையில் கடை போட ஓர் இடம் கிடைத்தது. கடை அவன் பெயரில். மனு நான் எழுதியது.

எங்கள் ஊரான உடுமலையில் காற்று ஓய்வதில்லை. கணவாய் வழியாக வந்து கதவைத் தட்டும், காயப்போட்ட துணியைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய்ப் போடும், அந்தத் தெருக்காரர் அதைத் திருப்பிக் கொண்டுவந்து தருவார். அங்கே தொலைவது கஷ்டம். மைசூரில் காற்று மரியாதையாக நிற்கிறது. காலையில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடியில் போகிறவன் காலில்லாமல் போவான், பிறகு தலையில்லாமல் போவான், பிறகு போயே விடுவான். அப்படி ஒரு காலையில் காசிம் நஞ்சன்கூடு ரயிலில் ஏறினான். தேர்த்திருவிழாவுக்கு முன்பாகச் சத்திரத்து அண்டாக்களுக்கு ஈயம் பூசுகிற வேலை. அவன் ஏறியதைப் பார்த்தவர்கள் மூன்று பேர். இறங்கியதைப் பார்த்தவர் ஒருவருமில்லை. அவன் துருத்தியும் கிடைக்கவில்லை, ஈயக்கட்டியும் கிடைக்கவில்லை. தண்டவாளத்தின் இரு பக்கமும் நான் நடந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் கரும்பு, ஆள் உயரத்துக்கு மேல், அசையாமல்.

வருடங்கள் போயின. ஆமினாவுக்கு முப்பது நடந்தது. கொள்ளேகாலில் பட்டு நூற்கிற அவளுடைய மாமன் மகள், அங்கே மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கேட்டாள். ஆமினா என்னை அழைத்துக்கொண்டு காஜி சாயபுவிடம் போனாள். அவர் பேசியது இந்துஸ்தானி. நான் அதை அவளுக்குத் தமிழில் சொன்னேன். பெரியவர் நல்லவர். கிதாபை மூடிவைத்துவிட்டு, மனப்பாடமாகச் சொன்னார். காணாமற்போனவன் தன் சொத்தைப் பொறுத்து உயிரோடு இருப்பவன். அதை யாரும் பங்கு போடக்கூடாது, அவன் மனைவியை யாரும் மணக்கக்கூடாது. பிறர் சொத்தைப் பொறுத்து அவன் இறந்தவன். அவனுக்கென்று பங்கு வராது. அவன் ஊரில் அவன் வயதொத்தவர்கள் கடைசி ஆள்வரை போன பிறகுதான் அவனும் போனவனாகக் கணக்கு.

"வேற மத்ஹபுச் சட்டத்துல நாலு வருஷம் காத்திருந்தாப் போதும்னு சொல்றாங்களே, வடக்க பெரிய ஆலிம்களே அத எடுத்துக்கலாம்னு எழுதியிருக்காங்களாமே" என்று நான் கேட்டேன்.

"வாசித்திருக்கிறேன்" என்றார் அவர். "நாளை அந்த மனிதன் பயணம் முடிந்து வந்து, என் பெண்டாட்டி எங்கே என்று கேட்டால், பதில் சொல்லவேண்டிய கழுத்து என்னுடையது. அதை எழுதியவர்களுடையது அல்ல."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாலைவனத்திலும் கடலிலும் போனவர்கள் திரும்ப வருடங்கள் ஆன காலத்தில், போனவனுடைய வீட்டை இருப்பவர்கள் விழுங்கிவிடாதபடி யாரோ கருணையோடு போட்ட வேலி அது. ஊரைவிட்டு வந்த நம் எல்லோருக்குமான வேலியும்தான். ஆனால் அன்று அந்த வேலிக்குள் ஆமினா நின்றாள். திரும்பி வரும் வழியில் ஜட்காவில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "ஊர்ல அவுங்க வயசுக்காரங்க எத்தன பேரு அண்ணே மிச்சம்?" எனக்குத் தெரிந்தவரை விரல்விட்டுச் சொன்னேன். பள்ளித் தோழர் இருவர், பேட்டையில் ஒருவர், பிறகு நான். அதற்கடுத்த வெள்ளிக்கிழமைதான் அவள் முதன்முதலாக வாசலில் நின்று என் உடம்பை விசாரித்தது.

கடைக்குக் காசிம் வாங்கியிருந்த அனுமதி அந்த வருடம் முடிந்தது, அதன் பிறகு வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். ஆமினா ஒரு கன்னடக்கார ஈயம்பூசியை அமர்த்திக் கடையை ஓட்டிவந்தாள். அது போனால் அவளுக்குச் சோறில்லை. அவள் பெயருக்கு மாற்ற முடியாது. காசிம்தான் தன் சொத்துக்கு உயிரோடு இருக்கிறானே! ஆகவே நான் எழுதினேன். 'காசிம் ராவுத்தராகிய நான் சுகமாயிருந்து கடையை நடத்தி வருகிறேன். அனுமதியைத் தயவுசெய்து புதுப்பிக்கக் கோருகிறேன்.' கீழே பெருவிரல் வேண்டும். என் விரலை மையில் தொட்டு அழுத்தினேன். அதைக் கள்ளக் கையெழுத்து என்று அன்று நினைக்கவில்லை. சட்டமே உயிரோடு வைத்திருக்கும் ஒருவனுக்கு ஒரு விரல் இல்லாமல் எப்படி என்றுதான் நினைத்தேன். மனு எழுதுகிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. வார்த்தை சரியாக இருந்தால் விஷயமும் சரியாக இருக்கும் என்று நாங்கள் நம்பிவிடுகிறோம்.

அதன் பிறகு மைசூரில் காசிம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவந்தான். அனுமதி தரும் ஆபீசுச் சேவகன் என்னைப் பார்த்தால், "காசிம் சாயபு சென்னாகித்தாரா?" என்பான். "நல்லா இருக்கார்" என்பேன். ஈயம்பூசி கடையில் நடு இடத்தில் உட்காரமாட்டான். ஓரத்தில் ஒண்டிக்கொண்டு வேலை செய்வான். ஏன் என்று கேட்டால், "அது அவர ஜாகா அல்வா சாமி" என்பான், அது அவர் இடமல்லவா என்று, இன்று வெளியே போயிருக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல. குடிக்கணக்கு எடுக்க வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஆமினாவிடம், "கண்ட இத்தாரா?" என்று கேட்டார். புருஷன் இருக்கிறாரா என்று. "காஜி சாயபு லெக்கதல்லி இத்தாரே" என்றாள் அவள், காஜியின் கணக்கில் இருக்கிறார் என்ற பொருளில். வாத்தியார் தலையாட்டிக்கொண்டு, புருஷன் காஜி வீட்டில் கணக்கெழுதுகிறவர் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். எழுத்தே தெரியாதவன்!

நான்காம் வருட மனுவை எழுதும்போது, கை தானாக ஒரு வரியைக் கூட்டியது. 'கடையின் கிழக்கு மூலையில் மழை ஒழுகுகிறது, ஓடு மாற்றித் தரவேண்டும்.' அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் அந்தப் பக்கம் போய் மாதங்கள் ஆகியிருந்தன. விரலை வைத்துவிட்டு, மை காய்வதற்குள் சந்தைக்கு ஓடினேன். பட்டப்பகல். கிழக்கு மூலையில் தரை ஈரமாக இருந்தது. புதிதாக ஈயம் பூசிய தாம்பாளம் ஒன்று அங்கே சாய்த்து வைத்திருந்தது. அதில் வெள்ளையாக ஒரு முகம் தெரிந்தது. என் முகமாகத்தான் இருக்கவேண்டும். நான் குனிந்தபோது அதுவும் குனிந்தது, ஒரு நொடி தாமதமாக.

இதற்கிடையில் வெள்ளைக்காரன் ஆளும் கும்பினிச் சீமையில் புதுச் சட்டம் வந்துவிட்டது. நாலு வருடம் புருஷனைப் பற்றித் தகவல் இல்லாவிட்டால் முஸ்லிம் பெண் கோர்ட்டில் நிக்காஹை ரத்துசெய்து வாங்கலாம். மைசூர் மகாராஜா சீமைக்கு அது இன்னும் வரவில்லை. கொள்ளேகாலோ கும்பினிச் சீமையின் கோயமுத்தூர் ஜில்லா. இங்கிருந்து, பெட்ரோலுக்குப் பதில் கரியெரித்து ஓடும் கரிவாயு பஸ்ஸில் அரைநாள் பயணம். நடுவில் ஓர் எல்லைக்கல். கல்லுக்கு அந்தப்புறம் காசிம் தொலைந்தவன், இந்தப்புறம் சுகமாயிருந்து கடை நடத்துபவன். ஆமினா மாமன் மகள் வீட்டுக்குப் போய்ப் பட்டு நூற்கத் தொடங்கினாள். அங்கே வழக்குப் போட்டாள். சட்டப்படி காசிமின் அண்ணன் பீருக்கு உடுமலைக்கு நோட்டீசு போயிற்று.

பீர் அண்ணன் வழக்கு நாளுக்கு மைசூர் வழியாக வந்தார். தம்பியின் கடையைக் கண்ணால் பார்த்துவிட்டு வரலாம் என்று சந்தைக்குப் போயிருக்கிறார். ஆபீசில் விசாரித்திருக்கிறார். ஆமினாவுக்குச் சாட்சி சொல்லப் போயிருந்த என்னைக் கொள்ளேகால் கோர்ட்டு மரத்தடியில் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டார். அறுபது வயது.

"டேய், தம்பி உசுரோட இருக்கான்டா! வருஷாவருஷம் மனுக் குடுத்திருக்கான். நாலு மனு. நகலு வாங்கிட்டேன். விரலு வச்சிருக்கான்னு போட்டிருக்கு பாரு, எந்தம்பி விரலு." அந்தக் காகிதங்களைச் சட்டைக்குள்ளிருந்து எடுத்து, பச்சைக் குழந்தையைக் காட்டுவதுபோலக் காட்டினார். "ஓடு ஒழுகுதுன்னு வேற எழுதியிருக்கான். அவனுக்கு எப்பவும் மழைன்னா ஆகாது."

எட்டத்தில் ஆமினா நின்றாள். அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். என்னைப் பார்த்தாள். உடம்பைக்கூட விசாரிக்கவில்லை. அந்த நகல்கள் உண்மையென்றால் அவள் காசிமின் மனைவி, என் சாவுவரை, அதற்கப்புறமும். பொய்யென்றால் பீர் அண்ணனின் தம்பி அந்த மரத்தடியிலேயே இறந்துபோவான். நான் வாயை மூடிக்கொண்டால், என் பிழைப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

கூண்டில் சத்தியம் செய்தேன். பீர் அண்ணனின் வக்கீல் நகல்களை நீட்டினார். "இதெல்லாம் நீங்க எழுதின மனுதானே? விரல் யாருது?"

"என்னுது" என்றேன்.

"எழுத்தக் கேக்கலீங்க. விரல்."

"விரலும் என்னுதுங்க."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மை கொண்டுவரச் சொன்னார். அசல் மைசூரில் இருந்தது. ஆனாலும் என் விரலை ஒரு தாளில் வைக்கச் சொன்னார். வைத்தேன். எத்தனையோ தரம் வைத்த விரல். அன்று முதல்முறையாக அது என் பெயருக்குக் கீழே விழுந்தது, அந்த ஈரத்தைப் பார்க்க எனக்கே அன்னியமாக இருந்தது. பின்னால் பெஞ்சில் பீர் அண்ணன் சத்தமில்லாமல் எழுந்து, "இன்னாலில்லாஹி" என்று தொடங்கினார், சாவுச் செய்தி கேட்டவர்கள் சொல்வது. சேவகன் அவரை உட்காரச் சொன்னான்.

வெளியே வந்ததும் அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் வலதுகையைப் பிடித்துப் பெருவிரலை வெயிலில் திருப்பிப் பார்த்தார். கறுப்பு இன்னும் போகவில்லை.

"நாலு வருஷம் இதுலதான் இருந்தானா" என்றார். பிறகு, "அவன நல்லாத்தான்டா வச்சிருந்திருக்கே" என்று சொல்லி, விரலை விட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

தீர்ப்பு ஆமினாவின் பக்கம் வந்தது. என் வாக்குமூலம் மைசூருக்கும் வந்து சேர்ந்தது. மனு எழுதும் அனுமதி போயிற்று, கடையும் போயிற்று. இப்போது ஓர் ஊதுபத்தி மண்டியில் பார்சல்களுக்கு விலாசம் எழுதுகிறேன். மைமூன், "இனி யாருக்காச்சும் விரல் வேணும்னா என்னக் கேட்டுட்டுக் குடுங்க" என்கிறாள். அவளால் எப்படியோ சிரிக்க முடிகிறது.

ஆனால் வழக்கு முடியவில்லை. தீர்ப்பு ஆறு மாதம் உறங்கவேண்டும் என்கிறது அந்தப் புதுச் சட்டம். அதற்குள் காசிம் வந்து, குடும்பம் நடத்தத் தயார் என்று கோர்ட்டில் சொன்னால், எல்லாம் ரத்து. நாலு மாதம் போயிருக்கிறது. கொள்ளேகாலில் ஆமினா நூற்கும் வீட்டு வாசலில் நிழல் விழுந்தால், அவனோ என்ற பதற்றத்தில் நூலை அறுத்துவிடுகிறாளாம். அவளுடைய மிச்சச் சாமான்களை மாதம் ஒருமுறை கொண்டுபோய்க் கொடுக்கிறேன். போன தடவை கேட்டாள். "அண்ணே, அவுங்க வந்தா உங்களத்தான் மொதல்ல தேடி வருவாங்க. என்ன சொல்லுவீங்க?"

அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காசிம், நீ வாசிக்கமாட்டாய். ரங்கூனிலோ பினாங்கிலோ ஒரு கடைத்திண்டில் யாராவது உனக்கு வாசித்துக்காட்டினால் கேட்டுக்கொள். நீ உயிரோடு இருக்கவேண்டும் என்று நான் ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். சுகமாயிரு, நிழலான கடை உனக்குக் கிடைக்கட்டும். ஆனால் வராதே. இதை எழுதியபோதுதான் எனக்குத் தோன்றியது. நம் ஊர் நமக்கு எழுதும் கடிதங்களிலும் கடைசியில் இருப்பது சுகமாயிரு, வராதே என்ற இதே இரண்டு வாக்கியங்கள்தானோ?

எல்லைக்கல்லருகில் பஸ் தவறாமல் நிற்கிறது. கரிப்பெட்டியைக் கிளறிவிட்டுத்தான் எடுப்பார்கள். முன்சக்கரங்கள் கோயமுத்தூர் ஜில்லாவில், பின்சக்கரங்கள் மகாராஜா சீமையில். நடு இருக்கையில் நான். ஏறுவதற்குப் பின்னால் படி இருக்கிறது. புகைக்குள் யாரோ ஏறும் சத்தம் கேட்கும்போதெல்லாம், தோளில் துருத்தி மூட்டையோடு ஓர் உருவம் நிமிருமா என்று பார்க்கிறேன். என் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் இருக்கிறது. ஒரு சமயம் நகர்ந்து அதைத் துடைத்து வைக்கிறேன், மறு சமயம் கால்களை அகட்டி அடைத்துக்கொள்கிறேன். பஸ் கிளம்பும்வரை இரண்டையும் மாறிமாறிச் செய்துகொண்டிருக்கிறேன்.