ஒரு நூல் பெரிய பெயர்

எங்கள் இசைக்குழுவில் முதல் கிற்றார் ஜெகன். இரண்டாவது நான். வன்னியில் எந்தக் கோயில் திருவிழாவிலும் ஜெகனின் பெயரைச் சொன்னாலே விசிலடிப்பார்கள். அதனால்தான் புதுக்குடியிருப்பில் தளபாடக் கடை வைத்திருக்கும் சுகந்தன், ஜெகனின் கையெழுத்தைப் பொறித்து ஒரு மின்கிற்றார் செய்ய ஆசைப்பட்டான்.

ஜெகனுக்கு நேரமில்லை. மாதிரிக் கிற்றாரை வாசித்துப் பார்க்கச் சுகந்தன் என்னைத்தான் கூப்பிட்டான். கழுத்து தடிப்பு என்றேன், சீவினான். சத்தம் கூட்டும் குமிழ் கையில் இடிக்கிறது என்றேன், துளையை அடைத்து வேறிடத்தில் பூட்டினான். பிறகு அதே அளவில் புதிதாக ஒன்று செய்து ஜெகனிடம் கொடுத்தான்.

“என்ர கையை அளந்து செய்தமாதிரியெல்லோ இருக்கு!” என்றான் ஜெகன்.

அளந்தது என் கையை.

சுகந்தன் என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும்.

“அண்ணை, மாதிரிக் கிற்றார் உங்களுக்குத்தான். உங்கட பேர் பொறிக்கட்டே?”

“ஓம். உங்கட தச்சு அளவில, ஜெகன்ர பேரை விட ஒரு நூல் பெரிசாப் போடு.”

“ஒரு நூலைப் பாக்கச் சனம் பூதக்கண்ணாடியோடையே வரப்போகுது?”

“நீ போடு, தம்பி.”

முல்லைத்தீவுத் திருவிழாவில் இரண்டு கிற்றார்களையும் மேடையில் அருகருகே சாத்தி வைத்தேன். கீழே இறங்கி, முன்வரிசையில் நின்று பார்த்தேன். இரண்டு பெயர்களுமே தெரியவில்லை.

என் பெயர் தெரியாதது எனக்குக் கவலையாக இருக்கவில்லை. அவனுடையதும் தெரியவில்லை என்பதே போதுமாக இருந்தது. நான் கேட்டது பெயரை அல்ல, அவனுக்குச் சமனாக நிற்பதை என்று அப்போதுதான் விளங்கியது. அன்று வழமையை விட நன்றாக வாசித்தேன். அதையும் ஜெகன்தான் முதலில் சொன்னான்.